கொடிக்கயிறு கட்டிய வொலிபோல் கம்பம்

இலங்கை மலையகத்தில் நம் தோட்டத்துப் பள்ளி கிரவுண்ட் எவ்வளவு பெரியது என்று இங்குள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மலைச்சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு மண், அவ்வளவுதான். பந்து ஓரம் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும், அடித்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும். (நம் பள்ளியில் சிக்சர் அடிக்க ஆள் இல்லாமல் போனது இதனால்தான் என்பது என் கட்சி.)

2014 தீபாவளிக்கு அங்கேதான் வொலிபோல் போட்டி வைத்தோம். சரியாக ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளை மூடிவிட்டது. எங்கள் தோட்டம் தப்பியது, ஆனால் மேலே வெடிப்பு இருக்கிறது என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள். வகுப்பறைகள் நிறைந்ததும் கிரவுண்டில் கூடாரம். நெட் கட்டும் கம்பங்களில் கொடிக்கயிறு, அதில் சேலையும் சாரமும்.

விளையாடாதே என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் அக்காவைப் பறிகொடுத்தவர் இருக்கும்போது யார் பாயிண்டுக்குக் கத்துவது? சின்னதுகள் மட்டும் இரண்டு வாரத்தில் வெறும் போத்தலை உதைக்கத் தொடங்கிவிட்டன. பையன்கள் நாங்கள் ரோட்டுக்குப் போனோம். பெண்பிள்ளைகளுக்குத்தான் போக இடமில்லை. எல்லேயில் (கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்) நம் பள்ளிப் பெண்கள் எவ்வளவு கெட்டி என்று உங்களுக்கே தெரியும், ஆனால் முன்பின் தெரியாத ஆம்பிளைகள் சுற்றி இருக்கும் இடத்தில் ஓட எந்த அம்மா விடுவார்? கூடாரம் கழன்ற பிறகும் அந்த டீம் திரும்பச் சேரவேயில்லை. பெரியவர்கள் கதை வேறு: மழை இருட்டினாலே கண் மலைமேல்தான், அப்புறம் இளசுகள் கொழும்புக்கு வேலைக்குப் போக, பக்கத்துக்கு ஆறு பேர் தேறவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலையெங்கும் மண்ணைச் சரித்தபோது சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அதே கம்பங்கள், அதே மாதிரி கொடிக்கயிறு. அந்த எல்லே டீமில் பந்து போட்டவள் அவள். சங்கத்தில் விளையாட்டுச் சாமானுக்குப் பணம் சேர்க்கிறோம், பந்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"பந்து கெடக்குண்ணே, போடத்தான் எடமில்ல" என்றாள்.