முதலில் மானிட்டர், அப்புறம்தான் கிராஃபிக்ஸ் கார்டு

கேமும் விளையாட வேண்டும், எடுத்த படங்களைத் திருத்தவும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்தக் கார்டு வாங்கலாம்?" என்றுதான். கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கைக் கார்டில் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கிடைக்கிற மானிட்டரை எடுத்து வைத்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. கார்டு சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அமைந்துவிட்டால் அது அடுத்த கார்டையும் பார்த்துவிடும். அதைவிட முக்கியமாக, எந்தக் கார்டு போதும் என்பதையே மானிட்டர்தான் முடிவு செய்கிறது.

இது வெறும் பெருக்கல் கணக்கு. 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560க்கு 1440 என்றால் 36.9 லட்சம். 3840க்கு 2160, அதாவது 4கே, கிட்டத்தட்ட 83 லட்சம். கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அசைவில் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு தனிப்படத்துக்கும், இத்தனை பிக்சலையும் கார்டு புதிதாக வரைந்து தள்ள வேண்டும். 1080பி திரையில் அலட்சியமாக ஓடுகிற கேம் அதே கார்டில் 4கேயில் திணறுவது இதனால்தான். ஆனால் படம் திருத்துகிறவருக்கு எவ்வளவு பிக்சல் கூடினாலும் வரவுதான். 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீத அளவில் திறந்தால், 1440பி திரையில் அதில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் தெரியும், 4கேயில் மூன்றில் ஒரு பங்கு தெரியும், பக்கவாட்டுப் பட்டைகள் அடைத்துக்கொள்வது போக இன்னும் குறையும். ஒரு வேலை பிக்சலைக் குறைக்கச் சொல்கிறது, இன்னொன்று கூட்டச் சொல்கிறது. இந்த இழுபறியைத் தீர்த்துக்கொண்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

என் முடிவு 27 இன்ச், 1440பி. ஒரு இன்ச்சுக்கு சுமார் 109 பிக்சல், எழுத்துகளைப் பெரிதாக்காமலே படிக்கலாம், நடுத்தரக் கார்டே போதும். 27 இன்ச்சில் 1080பி மட்டும் வேண்டாம், இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், படத்தின் கூர்மை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. 27 இன்ச் 4கேயில் 163 பிக்சல் வரும், படங்கள் அவ்வளவு அழகாக இருக்கும். அதில் ஒரு சிக்கல், பிக்சல்கள் மிகச் சிறியவை என்பதால் நூறு சதவீத அளவில்கூடப் படம் நிஜத்தைவிடக் கூர்மையாகவும் நாய்ஸ் என்கிற புள்ளி புள்ளியான இரைச்சல் குறைந்தும் தோன்றும். அதனால் இருநூறு சதவீதத்துக்குப் போய்ப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 4கேதான் வேண்டும் என்கிறவர்களுக்கு இன்று வழியும் இருக்கிறது, கார்டு நிறுவனங்களான என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்றவை கேமைக் குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்று வைத்தால் உள்ளே வரையப்படுவது 1440பிதான். கேம், படத் திருத்தம் இரண்டும் அடிக்கடி செய்கிற, கார்டுக்கும் தாராளமாகச் செலவிட முடிகிற ஆளாக இருந்தால் 4கே பக்கம் போகலாம், நான் தடுக்கமாட்டேன்.

பேனல், அதாவது திரையின் தொழில்நுட்பம், ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று பல வகை, இதில் நான் ஐபிஎஸ் கட்சி. விஏ பேனலில் கருப்பு நன்றாக இருக்கும், ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் விஏ மூவாயிரம் அளவில் இருக்கும், இருட்டான கேமில் அந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும். ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் பகுதிகள் வெளுத்துப் போவதும் அடர்வதுமாக இருந்தால், ஒரு படத்தின் நிழலை எந்த அளவுக்குத் தூக்குவது என்று எதை வைத்து முடிவெடுப்பது? ஓஎல்இடியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது, கேமுக்கு அதற்கு இணையே இல்லை. ஆனால் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் பட்டைகள் அசையாமல் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும், அதனால் திரையில் நிரந்தரத் தடம் விழும் அபாயம் இருக்கிறது. தவிர, வெள்ளைப் பின்னணிப் படம் திரையை நிறைக்கும்போது பல ஓஎல்இடிகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். திருத்திக்கொண்டிருக்கும்போதே திரை மாறினால் என்ன செய்வது? உங்கள் நேரத்தில் பெரும்பகுதி கேமுக்குத்தான் என்றால் ஓஎல்இடி வாங்குங்கள். பாதிக்குப் பாதி என்றால் ஐபிஎஸ்.

இனி கலர். விளம்பரங்கள் அதிகம் குழப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கிய எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையத்தின் பொதுவான கலர் அளவுகோல். நீங்கள் போடும் படத்தை மற்றவர்கள் போனிலும் லேப்டாப்பிலும் பார்க்கிறார்கள் என்றால், உங்கள் திரை எஸ்ஆர்ஜிபியை முழுதாக, சரியாகக் காட்டினால் போதும். அட்டையில் "எஸ்ஆர்ஜிபி 130 சதவீதம்" என்று போட்டிருப்பார்கள், அது மொத்தப் பரப்பளவைச் சொல்கிறதே தவிர எஸ்ஆர்ஜிபிக்குள் இருக்கிற எல்லா நிறமும் வருகிறதா என்று சொல்வதில்லை. சிவப்பில் எல்லை தாண்டி, வேறொரு மூலையில் குறைவாக இருக்கிற திரையும் 130 என்று போட்டுக்கொள்ளலாம். எஸ்ஆர்ஜிபி நிறங்களில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதுதான் கவரேஜ், அது எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அச்சுக்குப் போகிற வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபியின் கவரேஜ் முக்கியம், பச்சையிலும் நீலப்பச்சையிலும் அது எஸ்ஆர்ஜிபியைவிட விரிவானது.

அகன்ற கலர் வீச்சு கொண்ட திரை என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவை திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ப்ரொஃபைல் கோப்பைப் படித்து அதற்கேற்ப நிறத்தை மாற்றிக் காட்டும், அங்கே சிக்கல் இல்லை. பெரும்பாலான கேம்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. எஸ்ஆர்ஜிபிக்காக வரையப்பட்ட புல் நியான் பச்சையாகவும், மனித முகம் வெயிலில் கருகியது போலவும் தெரியும். சிலருக்கு அது பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அந்த கேமின் ஓவியர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நிறத்தை அப்படியே பார்க்கத்தான் ஆசைப்படுகிறேன். இதற்குத் தீர்வு மானிட்டரின் மெனுவில் இருக்கும் எஸ்ஆர்ஜிபி மோடு. ஆனால் பல மானிட்டர்களில் அந்த மோடுக்குப் போனால் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடாது, பூட்டிவிடும். வாங்கும் முன் ரிவ்யூக்களில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள், எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

10 பிட் பற்றி நிறையப் பேச்சு உண்டு. 8 பிட் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1024. அந்தி வானம் போன்ற மெல்லிய நிறமாற்றங்களில் கோடு கோடாகத் தெரிவது 10 பிட்டில் குறையும். முன்பு இதற்கென்று தொழில்முறைக் கார்டு வாங்க வேண்டியிருந்தது, 2019இல் என்விடியா தன் ஸ்டூடியோ டிரைவர் வழியாக சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கும் ஃபோட்டோஷாப்பில் இதைத் திறந்துவிட்டது. இருந்தால் நல்லது, இதற்காக மட்டும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம், நீங்கள் கடைசியில் சேமிக்கப்போகிற ஜேபெக் 8 பிட்தான்.

பெட்டியைப் பிரித்த மானிட்டர் பெரும்பாலும் கண் கூசுகிற வெளிச்சத்தில்தான் இருக்கும். அதில் உட்கார்ந்து திருத்தினால் படத்தை நாமே இருட்டாக்கிவிடுவோம், "பிரிண்ட் போட்டால் டார்க்காக வருகிறது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் பிரிண்டர் இல்லை, இந்த வெளிச்சம்தான். வெளிச்சத்தின் அளவான நிட்ஸில் 80 முதல் 120 வரை என்பது படவேலைக்கு வழக்கமான அளவு. இதைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது, கலிப்ரேட் செய்கிற, அதாவது திரையை அளந்து நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிப்படுத்துகிற, கருவி வேண்டும். டேட்டாகலரின் ஸ்பைடர், கலிப்ரைட் கருவிகள் எல்லாம் திரைமேல் தொங்கவிட்டு அளப்பவை. கார்டில் ஒரு படி கீழே இறங்கி அந்தப் பணத்தில் இந்தக் கருவியை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். திரை பழசாகப் பழசாக நிறம் நகரும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும், நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால்கூடப் போதும்.

கேம் பக்கம் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்று ஹெர்ட்ஸில் சொல்வதை, பார்ப்போம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144இல் 6.9, 240இல் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம், அடுத்ததில் மூன்றுகூட இல்லை. போட்டிக்கு ஆடுகிறவர்களை விட்டால் 144 முதல் 180 வரை எது கிடைத்தாலும் தாராளம். கார்டு தருகிற வேகத்துக்குத் திரையும் ஒத்துப்போகிற வசதி கட்டாயம் இருக்க வேண்டும், ஃபிரேம் ஏறி இறங்கினாலும் படம் கிழியாது. இந்த வசதிக்கு என்விடியா வைத்த பெயர் ஜிசிங்க், ஏஎம்டி வைத்தது ஃப்ரீசிங்க். 2019 ஜனவரியில் என்விடியா தன் கார்டுகளை ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடும் வேலை செய்ய விட்டதிலிருந்து, ஜிசிங்க்கா ஃப்ரீசிங்க்கா என்ற சண்டைக்குப் பெரிய அர்த்தம் இல்லை. வெளிச்சத்தையும் இருட்டையும் அகன்ற வீச்சில் காட்டுவதுதான் எச்டிஆர், ஆனால் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், திரையின் ஒரு பகுதியை மட்டும் மங்கவைக்கும் வசதி அந்தத் தரத்துக்குத் தேவையே இல்லை, அது இல்லாமல் எச்டிஆர் பார்ப்பதில் சுவாரசியமில்லை.

சரி, கார்டு. படத் திருத்தத்துக்குப் பெரிய கார்டு வேண்டும் என்பது பாதி உண்மை. ஃபோட்டோஷாப்பில் நாம் செய்கிற பெரும்பாலான வேலை பிராசசரையும் ரேமையும்தான் நம்பியிருக்கிறது, 32 ஜிபி ரேம் போட்டால் கிடைக்கிற நிம்மதி விலை கூடிய கார்டில் கிடைக்காது. விதிவிலக்கு, 2023இல் லைட்ரூமுக்கு வந்த, நாய்ஸை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் மாதிரி விஷயங்கள். அதில் கார்டின் முழு பலமும் தெரியும், பழைய கார்டில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருப்பதை நல்ல கார்டு நொடிகளில் முடித்துவிடும். கல்யாணம், பறவைகள் என்று உயர்ந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன்) நூற்றுக்கணக்கில் எடுக்கிறவர் என்றால் இதைக் கணக்கில் வையுங்கள். அப்படிப்பட்டவருக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் பக்கம் சாய்வேன், கேம் மட்டுமே பெரிது, கார்டில் மெமரி தாராளமாக வேண்டும் என்றால் ஏஎம்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்டின் சொந்த மெமரியில் (கம்ப்யூட்டரின் ரேம் வேறு) கஞ்சத்தனம் வேண்டாம். 1440பிக்கு 12 ஜிபியைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்வேன், 4கே என்றால் 16. ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கிறார்கள் என்பதும் கவனத்தில் இருக்கட்டும், ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி மூன்றுமே 8 ஜிபியிலும் வருகின்றன, 16 ஜிபியிலும் வருகின்றன. விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் 8 ஜிபிதான். அப்புறம் பவர் சப்ளை, ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு மட்டுமே கேட்பது 200 வாட்ஸ், 4090 கேட்பது 450. கேபினெட்டுக்குள் நீளம் பொருந்துமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள், விண்டோஸ் செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 60இல் நிற்கிறதா என்று பாருங்கள், பல சமயம் அப்படித்தான் நிற்கும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே என்றால் 60 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, திரை முழுக்கக் கருப்பு, வெள்ளை, அடர்ந்த சாம்பல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். செத்த பிக்சல் கருப்பிலோ வெள்ளையிலோ மாட்டும், ஒரு மூலை மஞ்சளாகவோ மங்கலாகவோ இருந்தால் சாம்பலில் காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளில் லேசான ஒளிக்கசிவு ஐபிஎஸ்ஸின் இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திரையின் இடது பாதியும் வலது பாதியும் வேறு நிறத்தில் இருந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம், எந்தக் கலிப்ரேஷனும் அதைச் சரிசெய்யாது, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள்.