பிரேமில் துணி மாட்டப் பழகியதுதான் என் எம்பிராய்டரி படிப்பு

"எந்த மிஷின் வாங்கலாம்?" மிஷின் எம்பிராய்டரி பழக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று வருடம் முன்பு நானும் இதையே கேட்டுக்கொண்டு அலைந்தேன். திருமங்கலத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். டிசைனைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் பூ விழுந்துவிடும் என்றுதான் நினைப்பு. கடையில் காட்டியபோது அப்படித்தான் விழுந்தது. விறைப்பான காடாத் துணியில் எந்தப் பூவும் அழகாக விழும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பணத்துக்கு முத்ரா திட்டத்தில் சிசு கடன் 50,000 ரூபாய் வாங்கினேன், மீதிக்கு நகையை வைத்தேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்து தர ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார். கொடுக்காதீர்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நாமே பதியலாம், கட்டணமே கிடையாது.

வாங்கியது ஒற்றை ஊசி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். முதல் வாரம் மெல்லிய காட்டன் துணியில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். திரையில் நல்ல வட்டம், துணியில் முட்டை. சுற்றிலும் சுருக்கம் வேறு. மிஷின்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். கோளாறு மிஷினில் இல்லை. உள்ளே நிரப்பும் தையல் இடமும் வலமுமாக ஓடுகிறது. ஒவ்வொரு தையலும் துணியை மயிரிழை அளவு உள்ளே இழுக்கிறது. ஆயிரக்கணக்கான தையல் சேர்ந்தால் வட்டம் அந்தப் பக்கமாக ஒடுங்கத்தானே செய்யும்? டிசைனிலேயே அந்தப் பக்கம் கொஞ்சம் அகலம் கூட்டி வைக்க வேண்டும். துணிக்கு அடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி பேப்பர் வைத்து, பிரேமில், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் இரட்டை வளையத்தில், ஒழுங்காக மாட்டவும் வேண்டும்.

அந்த மாட்டுகிற வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. கம்ப்யூட்டர் மிஷினைத் தொட்டதே இல்லை. முப்பது வருடம் சாதா மிஷினில் வளையத்தைக் கையால் நகர்த்தியே பூ போட்டவர். என் பிரேமை வாங்கிப் பார்த்ததும், "துணியோட இழை நேரா நிக்குதான்னு பாருத்தா, பூவ அப்புறம் பாப்போம்" என்றார். உள் வளையத்தை அமுக்கி ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு, இன்னும் விறைப்பாக்குகிறேன் என்று நான் துணியின் ஓரங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. இழுபட்ட துணியில் பூ விழுந்துவிடும். பிரேமைக் கழற்றியதும் துணி பழைய நிலைக்குச் சுருங்கும், பூ சுருங்காது. அதனால்தான் சுற்றிலும் சுருக்கம் வருகிறது. மாட்டும்போதே இழை நேராக, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். முறுக்கிய பின் கை வைக்கவே கூடாது. இது கைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. தினமும் வெட்டுத் துண்டில் மாட்டிக் கழற்றிக்கொண்டே இருந்தேன்.

நூலின் இறுக்கம் சரியா என்று பார்க்க, துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பட்டையான தையலில் வெள்ளை பாபின் நூல், அதாவது அடியிலிருந்து வரும் நூல், நடுவில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தால் சரி.

அப்புறம் வந்தது என்னால் இன்னும் மறக்க முடியாத ஆர்டர். வளைகாப்புக்குக் கட்டும் பட்டுச் சேலை, அதோடு சேர்ந்து வரும் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி. இரண்டு கைகளுக்கும் மயில் கேட்டார்கள். ஒரு கையில் போட்டேன், அதே டிசைனை அடுத்த கையிலும் போட்டேன். தைத்து மாட்டிப் பார்த்தால் ஒரு மயில் முன்னால் பார்க்கிறது, இன்னொன்று முதுகுப் பக்கம் திரும்பி நிற்கிறது. இரண்டாவது கைக்கு டிசைனைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டும், திருப்பவில்லை. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். மதுரை விளக்குத்தூண் பக்கம் இரண்டு நாள் அலைந்தும் அதே நிறம் கிடைக்கவில்லை. கடைசியில் பார்டர் நிறத்தில் துணி எடுத்து, என் செலவிலேயே முழுக்கப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது வெட்டுவதற்கு முன்பே துணியில் சாக்பீஸால் 'வலது', 'இடது' என்று எழுதி, தோள்பட்டை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுகிறேன். டிசைனைக் காகிதத்தில் அச்செடுத்து இரண்டு கைகளிலும் குத்தி, தள்ளி நின்று பார்த்த பிறகுதான் மிஷினை ஓட்டுவேன்.

டிசைன் காசுக்கு வாங்கினால் உங்கள் மிஷின் எந்த வகைக் கோப்பைப் படிக்கும் என்று முதலில் பாருங்கள். ஜானோமேக்கு ஜெஃப், பிரதருக்கு பெஸ். டிஎஸ்டி கோப்பில் நூலின் நிறம் பதிவாகாது, திரையில் இலை சிவப்பாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். நிற வரிசையைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நானே டிசைன் செய்யப் பழகியது இங்க்ஸ்டிச் என்ற இலவச மென்பொருளில். அம்மா போடும் சிக்குக் கோலத்தைத்தான் முதலில் வரைந்தேன்.

விலை சொல்லத்தான் ரொம்பத் தடுமாறினேன். 12,000 தையல் உள்ள டிசைன், நிமிடத்துக்கு 600 தையல் என்றால் 20 நிமிடம். ஆனால் ஒற்றை ஊசியில் ஒவ்வொரு நிறத்துக்கும் நிறுத்தி நூல் மாற்ற வேண்டும், பிரேம் மாட்ட வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும். உண்மையில் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அந்த முக்கால் மணிக்குத்தான் கூலி கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் பல துணிகளில் போடும் பல தலை மிஷின் வைத்திருக்கும் பட்டறையின் விலைக்கு நாம் இறங்கவே முடியாது. இறங்கவும் வேண்டாம். ஒரே ஒரு ஜாக்கெட்டுக்கு, சேலையின் நிறம் பார்த்து, உட்கார்ந்து பேசிப் போட்டுக் கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது.

இப்போது மல்லுக்கட்டுவது ஜரிகை நூலோடு. பத்துத் தையலுக்கு ஒருமுறை அறுந்துகொண்டிருந்தது. காது பெரிதாக உள்ள 90 நம்பர் ஊசி மாற்றினேன், வேகத்தை 400-க்குக் குறைத்தேன். நூல்கண்டை மிஷினில் மாட்டாமல் தரையில் ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, முறுக்கு அவிழ்ந்து மேலே ஏறி வரும்படி செய்தேன். நேற்று ஒரு கை முழுவதற்கும் இரண்டே தடவைதான் அறுந்தது. இன்னொரு கையை இன்று சாயங்காலம் போட வேண்டும்.