எல்லோரும் ஸ்டியரிங் பாக்ஸையே முறுக்கினார்கள்

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று பழைய வண்டியை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், மெக்கானிக்கின் கை முதலில் போவது ஸ்டியரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸின் மேலிருக்கும் அந்த ஒற்றைத் திருகுக்குத்தான். லாக் நட்டைத் தளர்த்துவார், ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் முறுக்குவார், "பாருங்கள், ஆட்டம் போய்விட்டது" என்பார். காசு வாங்கி முடிக்கும் வரை ஆட்டம் போனது போலத்தான் இருக்கும். எங்கள் பிக்கப்பில் அந்தத் திருகை ஆளுக்கு ஒருமுறை முறுக்கிவிட்டிருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வண்டி பெரியப்பாவுடையது. 2008 மாடல் பொலேரோ பிக்கப், பவர் ஸ்டியரிங் இல்லாதது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கட்டை ஆக்ஸில், அதன்மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங். ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப் போய்வந்த வண்டி, பெரியப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும் தோட்டத்துக் கொட்டகையில் நின்றுவிட்டது. இன்சூரன்ஸ் முடிந்து, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் முடிந்து, இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்தி, வீட்டில் எல்லோரும் எடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். புதிய வண்டிக்கு மாதத் தவணை கட்டும் தெம்பு எனக்கு இல்லாததால்தான் இதில் இறங்கினேன்.

என்ஜின் ஏமாற்றவில்லை. டேங்கை இறக்கிக் கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றி, கைப் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றியதும் பிடித்துக்கொண்டது. இறுகிப்போன பிரேக் சிலிண்டர், எலி கடித்த ஒயர், ஒட்டிக்கொண்ட கிளட்ச் எல்லாம் பணத்தைத் தின்றனவே தவிர உயிரை வாங்கவில்லை. டயரில் மட்டும் ஏமாறாதீர்கள். நிற்கும் வண்டியில் பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) தேயாது, அதனால் புதிது போலவே இருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1116 என்றால் 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் தயாரானது. எங்கள் டயர்களின் எண்ணைப் படித்ததும் பட்டனைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

தோட்டத்துப் பாதையில் உருட்டிப் பார்த்தபோதே ஸ்டியரிங் தன் குணத்தைக் காட்டியது. நேராகப் போகும்போது கையில் பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். வளைவில் திருப்பினால் இறுகும், விட்டால் நேருக்குத் திரும்பாது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் முன் சக்கரங்கள் இரண்டும் உதறும்.

நேராக இருக்கையில் தளர்ச்சி, திருப்பினால் இறுக்கம். அந்தத் திருகை முறுக்கியதன் பலன் இது. ஸ்டியரிங் பாக்ஸின் பல் அதிகம் தேய்வது நடுப்பகுதியில், நேராக ஓடும் இடத்தில்தான். அங்கே தெரியும் ஆட்டத்தைப் போக்கத் திருகை முறுக்கிக்கொண்டே போனால், தேயாத ஓரங்களில் பல் கடித்துக்கொள்ளும். இத்தனை முறுக்கியும் நடுவில் ஆட்டம் மிச்சம் இருக்கிறது என்றால், அது பாக்ஸிலிருந்து மட்டும்தான் வருகிறது என்று நம்ப முடியாது. பாக்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெயே இல்லை. 90 நம்பர் ஆயில் ஊற்றி, சக்கரம் நேராக நிற்கும் நிலையில் திருகைப் பின்னுக்குத் தளர்த்தி வைத்தேன். முறுக்க ஆள் உண்டு, தளர்த்தத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

பிறகு தம்பியை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொல்லிவிட்டு, கோணியை விரித்து அடியில் படுத்தேன். சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும். ஜாக்கி போட்டால் இந்தச் சோதனைக்குப் பயனில்லை. பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பி அசைகிறது, அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) உள்ளுக்குள்ளேயே குதிக்கிறது, சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பாதி அசைவு காணாமல் போகிறது. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் முனைகளும் அப்படியே. ரப்பர் மூடிகள் கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. எல்லா முனைகளையும் மாற்றினேன். தொளதொளப்பு பெருமளவு போயிற்று. உதறல் போகவில்லை.

வீல் பேரிங் என்றார் ஒரு மெக்கானிக், பேரிங் வாங்கி வரவும் சொல்லிவிட்டார். வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சுத் தண்டு. எங்கள் வண்டியில் இடப்பக்கம் நிற்கவில்லை. வலப்பக்கமோ ஆடவே இல்லை. துருவேறி இறுகிக் கிடந்தது. திருப்பினால் திரும்பி வராததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இடப்பக்கத்து கிங் பின், பூட்டு ஆப்பைத் தட்டிக் கழற்றியதும் வந்துவிட்டது. வலப்பக்கம் சம்மட்டிக்கும் அசையவில்லை. டீசல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டார்கள், கேஸ் வைத்துச் சூடாக்கினார்கள், மறுபடியும் சம்மட்டி. அடித்த அடியில் பின்னின் தலை காளான் மாதிரி விரிந்து, இனி துளை வழியே இறங்கவே முடியாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கிரைண்டர் வைத்துத் தலையை அறுத்து, ஆக்ஸிலையே முழுதாக இறக்கிப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். துருப்பிடித்த பின்னாக இருந்தால் முதலிலேயே பிரஸ்ஸுக்குப் போய்விடுங்கள். சம்மட்டி மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை.

புதிய பின்னும் புஷ்ஷும் அடங்கிய கிட் வாங்கியதில் ஒரு பயணம் வீண். மாடல் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்; பட்டறையில் பிரித்தால் கிங் பின்னின் நீளம் குறைவு. அதே பெயரில் வெவ்வேறு ஆண்டு வண்டிகளுக்கு வெவ்வேறு அளவு. பழைய பின்னைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரித்த கிட்டைத் திரும்ப எடுக்க அவர் காட்டிய முகச்சுளிப்பு தனிக்கதை.

பின்னைச் சுற்றி உட்காரும் குழாய் போன்ற புஷ்ஷை ஏற்றும்போது பக்கத்திலேயே நின்றேன், அதனால் பிழைத்தேன். புஷ்ஷில் கிரீஸ் போவதற்கு ஒரு துளை உண்டு. அது வெளியே கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும் துளைக்கு நேராக அமர வேண்டும். பட்டறைப் பையன் அதைப் பார்க்காமலே பிரஸ்ஸில் வைத்துவிட்டான். "துளை எங்கே?" என்று கேட்டதும் நிறுத்தினான். அழுத்தியிருந்தால் ஆயுளுக்கும் கிரீஸ் ஏறாத புஷ்ஷோடு ஓட்டியிருப்பேன். பின் இறங்கும்படி புஷ்ஷின் உள்துளையை லேத்தில் உப்புத்தாள் வைத்து அகலப்படுத்தித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சண்டை பிடித்து, மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே கோட்டில் வரும்படி துளையை அளவாக அறுக்கும் நீள ரீமர் போட்டு அறுக்கவைத்தேன். புதிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கியபோது அந்தப் பையனே சிரித்துவிட்டான்.

எல்லாம் மாட்டி வெளியே எடுத்தால், உதறல் அறவே இல்லை. ஆனால் புதிதாக ஒரு வியாதி. வண்டி நேராக நிற்க மறுத்தது. வேகம் ஏற ஏற இடமும் வலமும் அலைந்தது; பெருந்துறை சாலையில் எதிரே ஒரு லாரி கடந்த காற்றுக்கே ஓரத்துக்குப் போனது. அலைன்மென்ட் சென்டருக்குப் போனேன். முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் கோணமான டோவைச் சரிசெய்தார்கள், தாள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதில் கேஸ்டர், அதாவது கிங் பின்னின் முன்பின் சாய்வு, இரண்டு பக்கமும் மைனஸில், சிவப்பு எழுத்தில் இருந்தது. கேட்டேன். "கட்டை ஆக்ஸிலில் அதை அட்ஜஸ்ட் செய்ய முடியாது அண்ணா, விடுங்கள்" என்றார் அங்கிருந்தவர். அட்ஜஸ்ட் செய்ய முடியாத ஒன்று ஏன் தப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. பட்டறைக்காரரிடம் காட்டினால் தாளைப் பார்க்காமலே ஸ்குரூ டிரைவரைத் தேடினார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முன் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, பட்டை ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஆப்பைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் சாமி."

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகடு ஒன்று இருந்தது; அதைத்தான் ஆப்பு என்றார். அதன் வேலை, கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும்படி ஆக்ஸிலைத் திருப்பி வைப்பது. அந்தச் சாய்வு இருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்கு வரும். எங்கள் வண்டியில் பட்டை ஆக்ஸிலின் மேல் உட்காருவதால் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். ஆக்ஸிலை இறக்கிய பட்டறையில் அதை முன்பக்கமாக வைத்து முடுக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு, அதனால் வண்டி ஒருபக்கம் இழுக்கவும் இல்லை. பெரியவர் யு போல்ட்டைக் கழற்றி ஆப்புகளைத் திருப்பிப் போட்டு, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். திரும்பும் வழியில் வளைவில் கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது. நானும் கத்திவிட்டேன், பக்கத்தில் இருந்த தம்பியும் கத்திவிட்டான்.

எஃப்.சி.க்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 98ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி வேண்டும் என்றும் சொல்கிறது. ஆய்வாளர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அசைத்தார், குனிந்து ரப்பர் மூடிகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர் அங்கீகாரம் பெற்றதல்ல என்று திருப்பி அனுப்பினார். இத்தனை பாடுபட்டு ஒரு ஸ்டிக்கருக்காக மறுபடியும் வரிசை. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதால், அதே ஸ்டிக்கரில் ஒரு சுருள் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டேன்.

ஆக்ஸில் கழற்றி மாட்டிய வண்டியில் முதல் லோடு ஏற்றி இறக்கியதும் யு போல்ட் நட்டுகளை மீண்டும் முடுக்குங்கள்; எங்களுடையதில் எல்லா நட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தன. கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். வண்டியின் பாரம் மேலே இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது. மேலே பிதுங்கி வருவதைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பாதீர்கள்.