ஒலி கேட்கிறது, சொல் பிரியவில்லை

“சத்தத்தைக் கூட்டி வெச்சா புரியாதா மேடம்?” என்று, ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு புரியாமல் என்னிடம் செவிப் பரிசோதனைக்கு வந்த பெரியவரின் மகன் கேட்டார். புரியாது, செவித்துணைக் கருவி வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

காரணம் இல்லாமல் மறுக்கவில்லை. எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் ஆடியோகிராமில் 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை 25 டெசிபலுக்குள், அதாவது இயல்பு. உயர் அலைவரிசையான 4000-இல் மட்டும் 45, கொஞ்சம் குறை. அறுபதைத் தாண்டியவருக்கு இது சகஜம். ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதியும் பெரா சோதனையில் ஐந்தாவது அலை 6 மில்லிசெகண்டுக்குள் ஒழுங்காக விழுந்தது. ஆனால் பெரா மூளைத்தண்டு வரைதான் சொல்லும். அதற்கு மேலே நடப்பது அதில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில், மூளையில் ஒலியை அலசும் டெம்போரல் பகுதியின் இடது பக்கம் பழைய ஸ்ட்ரோக், வலதில் புதியது. இரு பக்கமும் இப்படி அடிபட்டால் ஒலி வந்து சேர்ந்தும் பேச்சு பிரியாமல் போகலாம்.

பேச்சு எவ்வளவு பிரிகிறது என்று பார்க்கும் சொற்பட்டியலில் 25 சொற்கள், ஒன்றுக்கு 4 சதவீதம். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு மைக்கில் சொன்னபோது அவர் சரியாகத் திருப்பிச் சொன்னவை நான்கே. 70 டெசிபலிலிருந்து 85-க்கு ஏற்றினால் மூன்று. தாளை விலக்கியதும் ‘பல்’, ‘மாடு’ போல உதட்டில் தெரிகிற சொற்கள் வந்துவிட்டன. “சாப்பிட்டீங்களா?” என்று எழுதிக் காட்டினால் “ரெண்டு இட்லி” என்று திருத்தமாகப் பதில். ஹாரன் அடித்தால் திரும்பியும் பார்க்கிறார். வேண்டுமென்றே கவனிக்க மாட்டேன் என்கிறார் என்று வீட்டில் வருத்தப்படுவது இதனால்தான்.

கருவி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதிக் காட்டுவதை விட்டுவிடுவார்கள். டிவியை அணைத்து, எதிரே உட்கார்ந்து, எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் உணர்த்தி, சின்னச் சின்ன வாக்கியமாக நிதானமாகப் பேசுவதுதான் இங்கே வைத்தியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த 45? ‘ச’, ‘த’, ‘ட’ போன்ற மெய்களை அடையாளம் காட்டும் ஒலியில் பெரும்பங்கு அந்த உயர் அலைவரிசைப் பக்கம்தான். சேதமான மூளைக்கு ஒவ்வொரு துணுக்கும் தேவை. உயர் அலைவரிசையை மட்டும் கொஞ்சம் தூக்கிச் சோதனைக்குக் கொடுத்திருந்தால் கெடுதல் வந்திருக்காது. இரைச்சலும் சேர்ந்தே ஏறும் என்பது உண்மை. பேசுபவர் சட்டையில் குத்துகிற மைக் அதைப் பாதி சமாளிக்கும், விலைதான் கையைக் கடிக்கும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் தேறுதல் அதிகம். அதற்குள் சொற்பட்டியலைத் திரும்ப வைத்து, மதிப்பெண் நகர்கிறதா என்று பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.