80 வாட்

டிப்ளமா முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். காயில் மாற்றி, ஆயில் நிரப்பி வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் எடுத்து, செயல்திறனைக் கணக்கிட்டு எழுதுவது என் வேலை.

உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வருவதையும் நேரடியாக அளந்து வகுத்தால் என்ன என்று ஃபோர்மேன் அண்ணனிடம் கேட்டேன். "100 கிலோவாட் லோடுக்கு எங்க போறது தம்பி? போனாலும், வீணாகிறதே 2 சதவீதம்தான். ரெண்டு மீட்டரும் ஆளுக்கு 1 சதவீதம் தப்பாக் காட்டினா அதுவும் காணாமப் போயிடுமே" என்றார். அதனால்தான் இழப்பை மட்டும் தனியாக அளக்கிறோம். லோடு இல்லாமல் ஓப்பன் சர்க்யூட் டெஸ்டில் கிடைப்பது இரும்பு இழப்பு, அதாவது மின்சாரம் இருக்கும்வரை இரும்புக் கருவில் வீணாவது. ஒரு பக்கத்தை ஷார்ட் செய்து, மறுபக்கம் குறைந்த வோல்டேஜ் கொடுத்து எடுப்பது தாமிர இழப்பு, லோடு ஓடும்போது காயிலில் வீணாவது.

அன்று மேசையில் இருந்தது 100 கேவிஏ. பெயர்ப்பலகைக் கணக்கில் இரும்பு இழப்பு 260 வாட், முழு லோடில் தாமிர இழப்பு 1,760 வாட். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 100 கேவிஏ-யில் உண்மையில் வேலை செய்வது 80,000 வாட். அதை, இழப்பும் சேர்ந்த 82,020-ஆல் வகுக்க வேண்டும்: 97.54 சதவீதம். நான் அளந்ததில் தாமிரம் சரியாக இருந்தது. இரும்பு 340 காட்டியது. 80 வாட்தானே, விடை 97.44 என்று எழுதிக் கொண்டுபோனேன்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். "இது கிணத்து மோட்டார் லைனுக்குப் போகுது. மோட்டார் நின்னா தாமிர இழப்பும் நிக்கும். இரும்பு நிக்குமா?"

உட்கார்ந்து மறுபடி போட்டேன். தினம் 3 மணி நேரம், பாதி லோடு: வெளியே வருவது 120 யூனிட். லோடு பாதியானால் தாமிர இழப்பு கால்வாசியாகிவிடும்; அது தின்பது 1.32 யூனிட்தான். 260 வாட்டே ஆனாலும் இரும்பு 24 மணி நேரத்தில் 6.24 யூனிட் தின்கிறது. நாள் முழுவதற்குமான செயல்திறன் 94 சதவீதம்! 340 என்றால் 92.7. கூடுதலான அந்த 80 வாட் மட்டுமே வருடத்துக்கு 700 யூனிட். கல்லூரியில் இதே சூத்திரத்தைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன், ஒரு கிணற்றடியையும் நினைத்துப் பார்த்ததில்லை.

காயில் ஏற்றிய பிறகு மேல் யோக்கின், அதாவது இரும்புக் கருவின் மேல் குறுக்குப் பகுதியின், தகடுகளைத் திரும்ப அடுக்கும்போது மூலைகளில் இடைவெளி விழுந்திருந்தது. அண்ணன் பிரிக்கச் சொன்னார். சாயங்காலம் வரை நானும் கூட உட்கார்ந்து தகடு தகடாக அடுக்கினேன். இறுக்கி, மறுபடி 433 வோல்ட் கொடுத்தோம். 270.

"இப்ப எழுது" என்றார்.