வைப்பர் வாங்கும்போது ரப்பரைப் பாருங்க

கடையில் கண்ணாடி வைப்பர் வாங்கப் போனால் எல்லோரும் கைப்பிடியைத்தான் பார்க்கிறோம், ஸ்டீலா பிளாஸ்டிக்கா, நீளம் எவ்வளவு, கூடவே ஸ்பிரே பாட்டில் வருதா என்று. வேலை செய்வது என்னவோ அந்த ரப்பர் பட்டையின் விளிம்பு மட்டும்தான். அது கூராக இருக்கும்வரை தண்ணீரை ஒட்ட வழித்துக்கொண்டு போகும். மழுங்கிவிட்டால் அடியில் கொஞ்சம் ஈரம் தங்கி, காய்ந்ததும் கோடு கோடாகத் தெரியும், அதுவும் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். பாத்ரூம் தரை தள்ளுகிற வைப்பரால் ஜன்னலைத் துடைத்துப் பார்த்துவிட்டு 'இதுக்கு நியூஸ்பேப்பரே தேவலை' என்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

வெளிநாடுகளில் இதற்கு ஸ்குவீஜி என்று பெயர். இன்றைக்கு இருக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தவர் எத்தோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து போய் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். அதுவரை இருந்தது கனத்த இரும்பு, ரப்பரை மாற்றுவதற்கு ஏகப்பட்ட ஸ்க்ரூவைக் கழற்றணும். இவர் பித்தளையில் லேசாக, ஒற்றை ரப்பரோடு செய்து 1936-ல் காப்புரிமை வாங்கினார்.

துடைக்கிற விதத்துக்கு வருவோம். ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில சொட்டு போதும். அழுக்கு போவதற்கு மட்டுமில்லை, ரப்பர் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் அதுதான். கண்ணாடியை நன்றாக நனைத்துவிட்டு மேல் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், அந்தக் காய்ந்த இடத்தில் ரப்பரை வைத்துக் கீழே இழுத்தால் தொடக்கத்திலேயே தண்ணீர் சொட்டுகிற தொல்லை இருக்காது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் துடைக்கணும், அடுத்த இழுப்பு முந்தைய தடத்தின் மேல் கொஞ்சம் ஏறி வரணும். பலத்தைக் காட்டி அழுத்தினால் விளிம்பு மடங்கிவிடும். வெயில் நேராக அடிக்கிற நேரம் வேண்டாம், துடைக்கும் முன்னாலேயே காய்ந்துவிடும்.

இதே கருவி திருப்பூர் பனியன் பிரிண்டிங் பட்டறைகளில் வேறு வேலை பார்க்கிறது. அங்கே வழித்து எடுப்பதற்கில்லை, டிசைன் பதிந்த மெஷ் என்கிற மெல்லிய வலை வழியாக மையைத் துணியில் இறக்குவதற்கு. ஆனால் கதை ஒன்றுதான், பட்டை மழுங்கினால் மை கூடுதலாக இறங்கி டிசைனின் ஓரம் கலங்கிவிடும். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஆளுயரத்துக்குப் பெரிய ஸ்குவீஜிகளை வைத்து ஈரப் பெயின்ட்டை இழுத்து இழுத்தே படம் வரைந்தார்.

கைப்பிடியை ரொம்பவும் மட்டம் தட்டிவிட்டேன், அதற்கும் ஒரு கதை உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் ஒரு லிஃப்டில் ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஜன்னல் துடைக்கிற யான் டெம்சூர். அவருடைய ஸ்குவீஜியால் எதிரே இருந்த ஜிப்சம் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்கள், பாதியில் பிளேடு கைதவறிக் கீழே விழுந்துவிட்டது, மிச்சமிருந்த கைப்பிடியாலேயே ஓட்டை போட்டு ஆறு பேரும் தப்பித்தார்கள். அந்தக் கைப்பிடி இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, நம்ம வீட்டு ஜன்னலுக்கு? ரப்பரைக் கழற்றி மாட்ட முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம், அதுவும் தேய்ந்தால் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும்.