குளியலுக்கு முன் எடை

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸை நாய், பூனை வார்டிலிருந்து ஊர்வன பிரிவுக்கு மாற்றிப் போட்டால் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இங்கே நோயாளி எதையும் காட்டிக்கொள்ளாது. மருந்து ஒத்துக்கொள்ளாத நாய் வாந்தி எடுக்கும், முனகும், மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நோய் முற்றினாலும் அதையேதான் செய்யும். பயந்தாலும் அதேதான், குளிரடித்தாலும் அதேதான். இதில் எது நோய், எது மருந்தின் பக்கவிளைவு என்று பிரித்துப் பார்ப்பதிலேயே எங்கள் வேலையில் பாதி போய்விடுகிறது.

உருளை என்றொரு நில ஆமை வந்திருந்தது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் வளர்த்த ஆமை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. மூக்கில் குமிழ் குமிழாகச் சளி, இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஆமை வாயால் மூச்சு விடுகிறது என்றாலே விஷயம் பெரிது. அதற்கு நம்மைப் போல மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம் கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரலில் சேர்ந்தது அங்கேயே தங்கிக் கெட்டிப்பட்டுவிடும். ஊர்வனவற்றின் சீழ்கூட நீராக இருக்காது, கட்டியாகத்தான் இருக்கும். அதனால் ஆமைக்கு நிமோனியா வந்தால் சிகிச்சை வாரக்கணக்கில் போகும், சில சமயம் மாதக்கணக்கிலும் போகும். மருந்தும் அத்தனை காலம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பக்கவிளைவு என்கிற பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்களிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் என்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள். நல்ல மருந்துதான், ஊர்வனவற்றுக்கு எங்கும் போடுகிறார்கள். ஆனால் அந்த ஊசி மருந்து கடுமையான காரத்தன்மை உள்ளது. தசையில் இறங்கும்போதே எரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தசை செத்துப் புண்ணாகும், தோல் நிறம் மாறும். உருளையின் வலது முன்னங்காலில் தோள்பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கெட்டி வீக்கம். நடக்கும்போது அந்தக் காலை ஊன்றாமல் இழுத்தது. ஆமை மூச்சு விடுவதிலும் முன்னங்கால்களுக்குப் பங்கு உண்டு. அவை உள்ளே வெளியே அசையும்போதுதான் ஓட்டுக்குள் காற்று போய் வர வழி கிடைக்கிறது. காலில் வலி என்றால் மூச்சும் சேர்ந்து திணறும்.

அப்படியானால் பின்னங்காலில் போடலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஊர்வனவற்றின் உடம்பில் பின்பாதி ரத்தத்தில் ஒரு பங்கு இதயத்துக்குத் திரும்பும் முன் சிறுநீரகத்தின் வழியாகப் போகும். பின்னங்காலில் போட்ட மருந்து உடம்பெல்லாம் பரவும் முன்பே கொஞ்சம் சிறுநீரில் வெளியேறிவிடலாம். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தாக இருந்தால் நேரே அதன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது போலாகிவிடும். இதனால் எவ்வளவு கெடுதல் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இருந்தாலும் வழக்கத்தில் முன்னங்கால்தான்.

சளியைக் கழுவியெடுத்து, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். முடிவு வந்ததும் மருந்தை செஃப்டாசிடிம் என்கிற வேறோர் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார். ஆமைக்கு இதை 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஒரு கிராம் குப்பியில் பத்து மில்லி கலந்தால் இந்தச் சின்ன உடம்புக்கு ஒரு டோஸ் என்பது அரை மில்லியில் பாதிகூட வராது. மீதியைச் சிறு சிறு சிரிஞ்சுகளில் பிரித்துத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துக்கொள்வோம். மூன்று நாளைக்கு ஒரு ஊசி என்றதும் உருளையின் வீட்டுக்காரருக்கு அப்பாடா என்று இருந்தது. எங்களுக்கு அதில் இன்னொரு கவலை. அவ்வளவு நேரம் தங்குகிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அது தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இறங்குவதும் சூட்டைப் பொறுத்தது. ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சுற்றியிருக்கும் சூடுதான் அதன் சூடு. கூண்டு குளிர்ந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகும், மருந்து பரவுவதும் கழிவதும் மந்தமாகும், நோயோடு போராடும் அணுக்களும் சோம்பிவிடும். அதே டோஸ், அதே ஆமை, ஆனால் குளிர்ந்த கூண்டில் அது வேறு மருந்து. அதனால் இரவும் பகலும் சூடு 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். விளக்குக்கு அடியில் ஒரு தெர்மாமீட்டர், எதிர்மூலையில் ஒன்று. சும்மா இருக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஊசி போடுவதைவிட இதுதான் பெரிய சிகிச்சை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பில்லில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது!

புது மருந்து தொடங்கிச் சில நாளில் சளி குறைந்தது, இமை திறந்தது. ஆனால் சாப்பாடு அறவே நின்றுபோனது. அதுவரை செம்பருத்திப் பூவையாவது மோந்து பார்த்துக்கொண்டிருந்த ஆமை இப்போது பூவைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. வீட்டுக்காரர் தினமும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மெல்லக் கேட்டார்.

“சிஸ்டர், மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா? வந்தப்பவாவது கொஞ்சம் கடிச்சுது.”

“சார், நிறுத்தினா சளி திரும்பிடும். அப்புறம் இதே மருந்து கேக்காமலும் போகலாம். டாக்டர்கிட்ட பேசிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்.”

“அப்போ பசியில்லாதது மருந்தாலயா?”

அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பசியின்மை ஆன்டிபயாடிக்கால் வரலாம், வலியால் வரலாம், மூக்கடைத்து வாசனை தெரியாததால் வரலாம். ஆமைக்கு வாசனை தெரியாவிட்டால் தீனி தீனியே இல்லை. சிறுநீரகம் தளர்ந்து ரத்தத்தில் யூரிக் அமிலம் என்கிற கழிவு ஏறினாலும் பசி போகும். இதைப் பிரித்துக் காட்டக்கூடியது ரத்தப் பரிசோதனையும் தினசரி நோட்டும்தான்.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எடை, சூடு, மலம், சிறுநீர், எத்தனை தடவை கண் திறந்தது, எந்தக் காலை ஊன்றியது. எடையில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். ஆமையின் சிறுநீர்ப்பை பெரியது, அது உடம்பின் தண்ணீர்த் தொட்டி. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் தாடைக்குக் கீழே வரைக்கும் மூழ்குமாறு பத்து இருபது நிமிடம் உட்கார வைப்போம். அதில் குடிக்கும், அதிலேயே கழிக்கும். குடித்துவிட்டு வெளியே வந்தால் எடை ஏறியிருக்கும், கழித்துவிட்டு வந்தால் திடுக்கென்று இறங்கியிருக்கும். இரண்டுமே சதை இல்லை. அதனால் எங்கள் வார்டில் எடை எப்போதும் குளியலுக்கு முன்புதான், காலையில், அதே தராசில்.

குளியல் தண்ணீரைக் கொட்டும் முன் அதையும் பார்க்க வேண்டும். ஆமை கழிக்கும் வெள்ளைப் பொருள் யூரிக் அமில உப்பு. பற்பசை போல வழவழப்பாக இருந்தால் சரி. கையுறை போட்ட விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது மணல் மாதிரி நெருடினால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஜென்டமைசின், அமிகாசின் மாதிரி சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்தைப் போட்டால் மருந்தே நோயாகிவிடும். உருளைக்கு அந்த வகை மருந்து இல்லை, இருந்தாலும் நெருடியது. அன்றே டாக்டர் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொன்னார், கழுத்து வழியாக உணவுக்குழாயில் ட்யூப் வைப்பதென்றும் முடிவாயிற்று.

கழுத்தில் ட்யூப் என்றதும் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பார்க்கத்தான் பயமாக இருக்கும். மயக்கம் கொடுத்து வைத்து, நுனியை ஓட்டின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஆமைக்கு அது பெரிய தொந்தரவே இல்லை. அதற்கு முன்பு வேளாவேளைக்குத் தலையை வெளியே இழுத்து, தாடையைப் பிடித்துத் திறந்து, ஊசி போக வாய்வழி மருந்தும் ஊற்றிக்கொண்டிருந்தோமே, அதைத்தான் அது உண்மையில் வெறுத்தது. ட்யூப் வந்தபின் தலையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. சில நாளில் நான் கிட்டே போனாலும் தலையை இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பசி போனதில் எங்கள் கைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. மருந்தின் பக்கவிளைவு என்று பேசும்போது மருந்து கொடுக்கிற முறையின் பக்கவிளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மலத்தில் புழு முட்டையும் இருந்தது. கையோடு அதற்கும் மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். டாக்டர் தள்ளிப் போட்டார். வழக்கமாகக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் ஆமைகளில் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும். நிமோனியாவோடு போராடுகிற உடம்பில் அந்த அணுக்கள்தான் முதலில் வேண்டும். நாய்க்குப் போட்டு மீந்த ஐவர்மெக்டின் இருக்கிறது, கொடுக்கலாமா என்று போனில் கேட்பவர்களும் உண்டு. அதற்கு மட்டும் நான் குரலை உயர்த்திவிடுவேன். ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம், கைகால் செயலிழந்து செத்துப்போகும். கண் வீங்கினால் விட்டமின் ஏ என்று தாங்களே ஊசி போட்டு, தோல் உரிந்து சதை தெரிய எடுத்துக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆறுவதற்குள் கண் வீக்கமே மறந்துவிடும்.

உருளையின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் ஏறியிருந்தது, திரவம் ஏற்றியதில் இறங்கியது. வீக்கம் கரைய ரொம்ப நாளாயிற்று. ஒரு காலையில் ட்யூப் கழுத்தில் இருக்கும்போதே பூவின் ஓரத்தைக் கடித்தது. வீட்டுக்காரர் உடனே ட்யூப்பை எடுத்துவிடச் சொன்னார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, தானாகத் தின்று எடை நிலைத்தபின்தான் என்றார். ட்யூப்போடேயே வீட்டுக்கு அனுப்பினோம். குழைத்த தீனியை எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும், பின்னால் தண்ணீர் விட்டு எப்படிக் கழுவ வேண்டும் என்று அவர் எங்கள் முன்னாலேயே செய்து காட்டினார். இந்த வருடம் குளிர்கால உறக்கம் கூடாது, விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதைச் சீட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

ட்யூப் எடுத்தாகிவிட்டது. அவர் இன்னும் எடையை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பதறிப்போய் போன் செய்தார், ஒரே நாளில் நாற்பது கிராம் குறைந்துவிட்டதாம். “குளிப்பாட்டுறதுக்கு முன்னாலயா சார், பின்னாலயா?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பின்னாலதான்” என்றார்.